ஏர் கன், கலர் சார்ட்டர், வால்வு: காற்றுத்தாரையின் இரைச்சலைக் குறைக்க முழுமையான வழிகாட்டி

கலர் சார்ட்டர் (நிறம் மாறிய அரிசியைக் காற்றால் தள்ளிப் பிரிக்கும் மெஷின்) ஓடும் அரிசி ஆலை, அறுவடை மெஷினின் ரேடியேட்டரை ஏர் அடித்துச் சுத்தம் செய்யும் பட்டறை, வாட்டர் சர்வீஸ் ஸ்டேஷன், கும்பகோணம் பக்கத்துப் பாத்திரப் பட்டறை என்று கம்ப்ரசர் காற்று திறந்த வெளியில் சீறும் எல்லா இடத்துக்கும் இது பொருந்தும். புரட்டாசியில் குறுவையும் தையில் சம்பாவும் அறுவடைக்கு வரும்போது டெல்டாவில் இந்த இடங்கள் இரவு பகலாக ஓடும். அந்த வாரங்களில் ஏர் கன் (காற்றைப் பீய்ச்சும் கைக்கருவி) பிடிக்கிறவரின் காதுக்கு ஓய்வே இருக்காது. இழந்த செவித்திறன் திரும்பி வராது. அதனால் அறுப்பு தொடங்கும் முன்பே, ஆலை ஓய்வாக இருக்கும் நாளில் இந்த வேலையை முடித்துவிடுங்கள்.

புதிதாக இறங்குகிறவர்கள் பெரும்பாலும் கடைசிப் படியிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். தடுப்பு கட்டுவார்கள், கதவை மூடுவார்கள், காதில் பஞ்சு வைப்பார்கள். இரைச்சலை உண்டாக்குவது காற்றின் வேகம். வேகத்தைத் தொடாமல் மற்ற எதைச் செய்தாலும் காசுதான் வீண். கீழே உள்ள வரிசைக்குக் காரணம் இருக்கிறது. மாற்றிச் செய்தால் ஒரு படியில் கிடைத்த பலனை அடுத்த படி கெடுத்துவிடும்.

1. இரைச்சல் எங்கே பிறக்கிறது என்று முதலில் புரிந்துகொள்ளுங்கள்

மதகின் ஷட்டரைத் தூக்கியதும் பாயும் தண்ணீர், பக்கத்தில் அசையாமல் நிற்கும் தண்ணீரோடு உரசும் கோட்டில் சுழி சுழியாக எழும்பும். நாசில் என்ற காற்று முனையிலிருந்து வரும் காற்றும் அப்படித்தான். வேகமான தாரைக்கும் நிற்கும் காற்றுக்கும் நடுவே ஓர் உரசல் படலம் உருவாகி, அது உடைந்து சுழல்களாகிறது. சுழல்கள் ஒன்றையொன்று இழுத்துக் கலைக்கும்போது அழுத்தம் ஏறி இறங்குகிறது. அந்த ஏற்ற இறக்கத்தில் ஒரு சிறு பகுதி ஒலியாகக் கிளம்பிவிடுகிறது.

அதாவது சத்தம் நாசிலுக்குள் பிறப்பதில்லை, வெளியே காற்றில் பிறக்கிறது. நாசில் வாய்க்கு அருகிலுள்ள சின்னச் சுழல்கள் கீச்சென்ற சத்தத்தையும், தள்ளிப்போய்ப் பெரிதாகும் சுழல்கள் தாழ்ந்த இரைச்சலையும் தருகின்றன. தாரையின் நடுவில் வேகம் குறையாத பகுதி, நாசில் விட்டத்தைப் போல் 4, 5 மடங்கு நீளம்தான். 4 மி.மீ. நாசிலுக்கு அது 2 செ.மீ.யைத் தாண்டாது. இதனால்தான் நாசிலைச் சுற்றித் துணியோ ரப்பரோ சுற்றுவதால் எதுவும் மாறுவதில்லை.

நினைவில் வைக்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. பிரிட்டிஷ் கணிதவியலாளர் ஜேம்ஸ் லைட்ஹில் 1952-இல் வகுத்த விதிப்படி, ஒலியின் வேகத்தைவிட மெதுவாகப் பாயும் தாரையின் ஒலித்திறன், வேகத்தின் எட்டாம் அடுக்குக்கு ஏற்பக் கூடும். வேகத்தை 10 சதவீதம் குறைத்தால் 3.7 டெசிபல் குறையும், 20 சதவீதம் குறைத்தால் 7.8, பாதியாக்கினால் 24. நாசிலின் பரப்பைப் பாதியாக்கினாலோ 3 டெசிபல் மட்டுமே குறையும். எதில் கை வைக்க வேண்டும் என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

2. வேலை தொடங்கும் முன் சேர்த்து வைக்க வேண்டியவை

ஒலிமானி ஒன்று, முடிந்தால் வகுப்பு 2 தரத்தில். மைக்குக்கு ஸ்பாஞ்ச் மூடி. 0 முதல் 10 பார் (அழுத்த அலகு) வரை காட்டும் பிரஷர் கேஜ் ஒன்றும் அதை ஏர் கன்னுக்கு முன்னால் இணைக்க ‘T’ வடிவ இணைப்பு (டீ) ஒன்றும். பிரஷரைக் குறைத்து நிறுத்தும் தனி ரெகுலேட்டர், ஃபில்டர், வெர்னியர் அல்லது டிரில் பிட் செட், டெஃப்லான் டேப், சோப்புத் தண்ணீர், பெயின்ட் மார்க்கர், ஒரு நோட்டு.

செல்போன் ஆப்பை வைத்து முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அது காட்டும் எண்ணை அப்படியே நம்பக் கூடாது. பேச்சுக்காகச் செய்த மைக் மிக உரத்த சத்தத்தில் திணறும், இரைச்சலைத் தானாகவே குறைத்தும் காட்டும்.

பட்டறையில் ‘6 கிலோ ஏர்’ என்பதும் இங்கே 6 பார் என்பதும் நம் வேலைக்கு ஏறத்தாழ ஒன்றுதான். இதில் வரும் அழுத்த எண்கள் எல்லாமே கேஜ் காட்டும் எண்கள்.

3. ஆலையை நிறுத்திவிட்டு, சத்தங்களைத் தனித்தனியாகப் பிரியுங்கள்

பாலிஷர், எலிவேட்டர், சல்லடை எல்லாவற்றையும் நிறுத்தி, கம்ப்ரசரை மட்டும் ஓடவிடுங்கள். டேங்க் நிரம்பி அதுவும் நின்ற பிறகு ஆலைக்குள் ஒரு சுற்று நடந்து கேளுங்கள். காற்றுச் சத்தம் ஐந்து வகையாக இருக்கும்.

யாரும் எதையும் தொடாதபோதும் தொடரும் சீறல், லீக். ஏர் கன்னை வெட்டவெளியில் பிடித்தால் வருவது தாரையின் சொந்த இரைச்சல். அதே கன்னை ஒரு பொருளின் மேல் அடிக்கும்போது சத்தம் கூடினால், கூடிய பங்கு மோதலால் வருவது. காற்றால் இயங்கும் சிலிண்டர் அசையும் ஒவ்வொரு முறையும் ‘புஸ்’ என்று கேட்பது, அதை இயக்கும் சோலினாய்டு (மின்) வால்வின் எக்ஸாஸ்ட், அதாவது காற்று வெளியேறும் வாய். கன்னின் விசையை (டிரிகரை) பாதி அழுத்தும்போது மட்டும் வரும் விசில், கன்னுக்குள் இருக்கும் வால்வில் பிறப்பது.

ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. பிரிக்காமல் இறங்கினால், லீக்கால் வரும் சத்தத்துக்கு விலை கொடுத்து நாசில் மாற்றுவீர்கள்.

பாய்லரின் சேஃப்டி வால்வு சீறுவதும் தாரை இரைச்சல்தான். ஆனால் அதில் கை வைக்கவே கூடாது. அதன் வாயில் எதையும் மாட்டக் கூடாது, அதன் குழாயைச் சுருக்கவும் கூடாது. அடிக்கடி சீறுகிறது என்றால் பாய்லர் பார்ப்பவரிடம் சொல்லுங்கள்.

4. அளந்து எழுதி வையுங்கள்

இரண்டு இடங்களில் அளக்க வேண்டும். ஒன்று, வேலை செய்பவரின் காதுக்கு ஒரு சாண் பக்கத்தில். உடல்நலக் கணக்குக்கு இந்த எண்தான். இரண்டாவது, நாசிலிலிருந்து 1 மீட்டர் தள்ளி, தாரைக்கு நேர் பக்கவாட்டில். முன்னும் பின்னும் ஒப்பிட இந்த எண். மீட்டரை ‘ஏ’ அளவுகோலிலும் (காது கேட்கும் விதத்துக்கு ஏற்ப அளப்பது) ‘ஸ்லோ’விலும் வைத்துக்கொள்ளுங்கள்.

தாரை மைக்கில் படக் கூடாது. பட்டால் மீட்டர் காட்டுவது காற்று மைக்கை உரசும் சத்தமே. ஸ்பாஞ்ச் மூடி லேசான காற்றைத்தான் தாங்கும்.

ஏர் கன்னை அணைத்துவிட்டு, சுற்றுச்சூழல் சத்தத்தையும் அளங்கள். வித்தியாசம் 10 டெசிபலோ அதற்கு மேலோ இருந்தால் கன்னின் அளவை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். 3 டெசிபல்தான் வித்தியாசம் என்றால் அளந்த எண்ணிலிருந்து 3 கழிக்க வேண்டும். அதற்கும் குறைவானால் அந்த அளவு செல்லாது, ஆலை நின்ற நேரத்தில் திரும்ப அளங்கள். அரிசி ஆலையில் இந்தத் தவறு சாதாரணம். பாலிஷர் ஓடும்போது அளந்துவிட்டு, நாசிலை மாற்றியும் பலன் இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

ஒப்பிட வேண்டிய வரம்பு இது: தொழிற்சாலை விதிகளின்படி 8 மணி நேர வேலைக்கு 90 டெசிபல் (ஏ), 95-க்கு 4 மணி நேரம், 100-க்கு 2 மணி நேரம், 105-க்கு 1 மணி நேரம், 110-க்கு அரை மணி, 115-க்கு கால் மணி. சாதாரண ஏர் கன்னை 6 பாரில் அடித்தால் காதருகே 100-ஐத் தாண்டுவது புதிதல்ல.

5. லீக்குகளை முதலில் அடையுங்கள்

பிரஷரைக் குறைப்பதற்கு முன்பே லீக்கைப் பார்த்துவிட வேண்டும். லீக்கை அடைத்ததும் கன்னுக்கு வரும் பிரஷர் கூடும். முதலில் ரெகுலேட்டரைச் செட் செய்துவிட்டுப் பிறகு லீக்கை அடைத்தால், செட் செய்த அளவு மாறிப்போய் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும்.

எவ்வளவு லீக் என்று அறிய எளிய வழி இருக்கிறது. எல்லா உபயோகத்தையும் நிறுத்திவிட்டு, கம்ப்ரசர் ஓடும் நேரத்தையும் நிற்கும் நேரத்தையும் சில சுற்றுகளுக்குக் குறித்துக்கொள்ளுங்கள். ஓடிய நேரத்தை மொத்த நேரத்தால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் லீக் சதவீதம். 2 நிமிடம் ஓடி 6 நிமிடம் நின்றால் 25 சதவீதம். கம்ப்ரசரின் திறனில் கால்வாசி வெறும் சீறலுக்குப் போகிறது.

6 பாரில் 1 மி.மீ. ஓட்டை, நிமிடத்துக்கு 2 கன அடிக்கு மேல் காற்றைக் கொட்டும். 2 மி.மீ. ஓட்டை சுமார் 9 கன அடி. சோப்புத் தண்ணீரைக் கப்ளர், ஹோஸ் கிளிப், ரெகுலேட்டர் கிண்ணம், டிரெயின் காக் ஆகிய இடங்களில் பூசிப் பாருங்கள். எலி கடித்த ஹோஸ் நம் ஊர் ஆலைகளில் தனி இனம். நெல் இருக்கும் இடத்தில் எலி இருக்கும். தரையோடு போகும் ஹோஸை மேலே தூக்கிக் கட்டுங்கள்.

கலர் சார்ட்டரில் அரிசியைக் காற்றால் தள்ளும் எஜெக்டர் வால்வு ஒன்று தூசியால் ஒட்டிக்கொண்டால், டப் டப் என்ற துடிப்புச் சத்தத்தின் நடுவே விடாத சீறல் ஒன்று கேட்கும். மூடியைத் திறப்பதற்கு முன் மெஷினை நிறுத்தி, காற்றையும் அடைத்துவிடுங்கள்.

6. பிரஷரைக் கன்னின் அருகில், காற்று ஓடும்போது செட் செய்யுங்கள்

அதிகப் பலன் கிடைக்கும் படி இது. தவறும் இங்கேதான் அதிகம்.

டேங்க் கேஜில் 7 பார் தெரியும். அது கன்னில் வரும் பிரஷர் அல்ல. விசையை விட்டிருக்கும்போது கன்னருகே உள்ள கேஜ் காட்டுவதும் பயன்படாது. விசையை முழுதாக அழுத்தி, காற்று பாயும்போது காட்டும் எண்ணையே எழுத வேண்டும். நீளமான மெல்லிய ஹோஸில் இந்த இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் வரும்.

இப்போது வேகக் கணக்கு. நாசிலுக்கு முன்னால் பிரஷர் 0.9 பாரைத் தொட்டதுமே நாசில் வாயில் காற்று ஒலியின் வேகத்தை எட்டிவிடுகிறது. 30 டிகிரி வெயிலில் அது நொடிக்குச் சுமார் 318 மீட்டர் (விரியும்போது காற்று குளிர்வதால், வெளிக்காற்றில் ஒலி போகும் 349 மீட்டரைவிடக் குறைவு). அதற்கு மேல் பிரஷர் ஏற்றினால், காற்று வாயைத் தாண்டிய பின் படாரென்று விரிந்து, தாரைக்குள் அதிர்ச்சி அலைகளின் வரிசை உருவாகிறது. சுழல்கள் அந்த அலைகளைக் கடக்கும்போது ஒரு புதிய இரைச்சல் சேர்கிறது. சில அழுத்தங்களில் காதைத் துளைக்கும் ஒற்றை ஊளையாகவும் மாறும். எட்டாம் அடுக்கு விதிக்கு மேலே வரும் கூடுதல் தண்டனை இது.

முழுதாக விரிந்தால் காற்று எட்டும் வேகம் 6 பாரில் சுமார் 508 மீட்டர், 4 பாரில் 472, 2 பாரில் 403. பிரஷர் மூன்றில் ஒரு பங்காகியும் வேகம் ஐந்தில் ஒரு பங்குதான் குறைகிறது. தூசி தட்டும் வேலைக்கு 2 பாரே போதும் என்பதற்கு இதுவே காரணம். காற்றுச் செலவோ பாதிக்கும் கீழே போய்விடும். 4 மி.மீ. நாசில் 6 பாரில் நிமிடத்துக்குச் சுமார் 36 கன அடி கேட்கும். 5 எச்.பி. கம்ப்ரசர் பெரும்பாலும் 20-க்குள்தான் தரும். 2 பாரில் அதே நாசில் 15, 16-ஓடு நின்றுவிடும்.

செய்முறை இதுதான். ரெகுலேட்டரைக் கன்னுக்கு முடிந்த அளவு அருகில் மாட்டுங்கள். இப்போது இருக்கும் பிரஷரிலிருந்து அரை பார் அரை பாராக இறக்கி, ஒவ்வொரு படியிலும் உண்மையான வேலையைச் செய்து பாருங்கள். எந்தப் படியில் தூசி போகவில்லையோ, அதற்கு ஒரு படி மேலே நிறுத்துங்கள். அங்கே சத்தத்தை அளந்து நோட்டில் எழுதி, கேஜ் கண்ணாடியில் பெயின்ட் மார்க்கரால் கோடு போடுங்கள்.

மூன்று பிழைகளை இங்கே தவிர்க்க வேண்டும். மொத்த லைனின் பிரஷரையும் டேங்கிலேயே இறக்கினால், கலர் சார்ட்டருக்கும் சிலிண்டர்களுக்கும் காற்று போதாமல் போகும். லைனில் உள்ள பால் வால்வை (ball valve) பாதி மூடி வைத்து பிரஷரைக் குறைத்தால், இரைச்சல் அந்த வால்வுக்குள் இடம் மாறி ஹோஸ் வழியாகவே வரும். விசையைப் பாதி அழுத்திப் பழகுவதும் அதே கதைதான்.

கலர் சார்ட்டரின் எஜெக்டர் பிரஷரை இந்த முறையில் குறைக்காதீர்கள். தயாரிப்பாளர் சொன்ன அளவுக்குக் கீழே போனால் கறுப்பு அரிசி சரியாக வெளியே தள்ளப்படாது. அந்த மெஷினுக்கு மருந்து 10-ஆம் படியில் இருக்கிறது.

7. நாசிலை மாற்றுங்கள்

பிரஷர் முடிவான பிறகே நாசில் வாங்க வேண்டும். 6 பாருக்கு என்று வாங்கியது 2 பாரில் சொன்ன பலனைத் தராது.

முதலில் இப்போதுள்ளதை அளங்கள். பல பட்டறைகளில் நாசிலே இருக்காது, 6 மி.மீ. உள்விட்டம் உள்ள செம்புக் குழாயை வெட்டி மாட்டியிருப்பார்கள். தாரை இரைச்சல் உச்சம் அடையும் அதிர்வெண்ணை அறிய, வேகத்தை 0.2-ஆல் பெருக்கி விட்டத்தால் வகுக்க வேண்டும். 318 மீட்டர் வேகத்தில் 6 மி.மீ. வாய்க்கு அது சுமார் 10,600 ஹெர்ட்ஸ். காது நன்றாகக் கேட்கும் இடம்.

இதே பரப்பு 1 மி.மீ. துளைகள் 36-க்கும் இருக்கிறது. துளையின் விட்டம் ஆறில் ஒரு பங்கானதால் உச்சம் ஆறு மடங்கு மேலே, 63,600 ஹெர்ட்ஸுக்குப் போய்விடும். மனிதக் காதின் எல்லை 20,000 ஹெர்ட்ஸ். இரைச்சல் பல அதிர்வெண்களில் பரந்திருப்பதால் முழுதும் மறையாது. ஆனால் காதில் விழும் பங்கு நன்றாகக் குறையும். பலதுளை நாசிலின் ரகசியம் இவ்வளவுதான்.

துளைகள் நெருங்கி இருந்தால் சின்னத் தாரைகள் உடனே ஒட்டிக்கொண்டு ஒரே பெரிய தாரையாகி, பழைய சத்தம் திரும்பிவிடும். இரண்டு துளைகளுக்கு நடுவே குறைந்தது மூன்று துளை அகலமாவது இடைவெளி இருக்கட்டும். துளையின் விளிம்பில் பிசிறு இருந்தாலும் விசில் வரும். துளையிட்டதும் பிசிறை எடுத்துவிடுங்கள்.

இன்னொரு வகை, சுற்றுக் காற்றையும் இழுத்துச் சேர்த்துத் தள்ளும் நாசில். அது சத்தம் குறைவாக இருக்கக் காரணம் உண்டு. தள்ளும் விசை வேகத்தின் இரண்டாம் அடுக்கையும் பரப்பையும் பொறுத்தது. அதே விசையை அகலமான, மெதுவான தாரையால் கொடுத்தால், இரைச்சல் வேகத்தின் ஆறாம் அடுக்கில் இறங்கும். விசை மாறாமல் வேகம் பாதியானால் 18 டெசிபல் குறைவு. மெதுவான தாரைக்குக் காற்று அதிகம் வேண்டும், அந்த அதிகக் காற்றைக் கம்ப்ரசரிடம் கேட்காமல் அறையிலிருந்தே இழுத்துக்கொள்வதுதான் இந்த நாசிலின் சாமர்த்தியம்.

பெரிய பரப்பைத் துடைக்கவோ உலர்த்தவோ கம்ப்ரசர் காற்றே தேவையில்லை. தரையில் கிடக்கும் உமித்தூசி, கழுவிய வண்டி, தார்ப்பாய் இவற்றுக்கு ஒரு புளோயர் போதும். உமித்தூசிக்கு வாக்குவம் அதைவிட மேல். தூசி பறந்து மூச்சுக்குள் போகாது, கரண்ட்டும் மிச்சம்.

எச்சரிக்கைகள் இரண்டு. பி.வி.சி. குழாயில் துளை போட்டுக் காற்று நாசிலாக்காதீர்கள். பைப் லைனையும் பி.வி.சி.யில் போடாதீர்கள். போர் செட்டுக்கு வாங்கிய குழாய் மீதி இருக்கிறதே என்று தோன்றும். கம்ப்ரசர் காற்றில் அது வெடித்தால் கத்தித் துண்டுகளாகப் பறக்கும். அடுத்து, வேலை முடிந்ததும் உடம்பில் படிந்த தவிட்டைத் தட்ட ஏர் கன்னை உடல் மேல் அடிக்கும் பழக்கத்தை நிறுத்த வேண்டும். எந்த நாசிலாக இருந்தாலும், எவ்வளவு குறைந்த பிரஷராக இருந்தாலும் கூடாது. காயத்தின் வழியே காற்று தோலுக்கடியில் ஏறும், கண்ணும் செவிப்பறையும் கெடும்.

8. மோதும் கோணத்தையும் நிற்கும் இடத்தையும் சரிசெய்யுங்கள்

தாரை ஒரு கூர்மையான விளிம்பிலோ துளையிலோ மோதும்போது புதிய இரைச்சல் பிறக்கும். நட்டு கழற்றிய ஓட்டைக்குள் செங்குத்தாக அடித்துப் பாருங்கள். ஊதல் போலக் கூவும். அதே இடத்தில் கன்னை 30 முதல் 45 டிகிரி வரை சாய்த்தால் கூவல் நின்று, குப்பையும் ஒரு பக்கமாக வெளியேறும். செங்குத்தாக அடித்தால் குப்பை முகத்துக்கே திரும்பும்.

ரேடியேட்டர் இதற்கு விதிவிலக்கு. சாய்த்து அடித்தால் ஃபின்கள் என்ற மெல்லிய தகடுகள் மடங்கிவிடும். நேராகத்தான் அடிக்க வேண்டும், அதுவும் வைக்கோல் தூசி நுழைந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து. கன் ஒரு சாண் தள்ளியே இருக்கட்டும், பிரஷர் 2 பாரைத் தாண்ட வேண்டாம். ஒட்டிப் பிடித்தால் வேகம் குறையாத நடுப்பகுதி ஃபின் விளிம்பில் மோதும். சத்தமும் உச்சம், சேதமும் உச்சம்.

தாரை இரைச்சல் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் போகாது. தாரை போகும் திசைக்கு ஏறத்தாழ 30 முதல் 60 டிகிரி வரையிலான பக்கங்களில் அதிகம், கன்னுக்குப் பின்னால் குறைவு. கன் பிடிக்கிறவரைவிட, எதிரே ஓரமாக டார்ச் பிடித்து நிற்கும் உதவியாளருக்குச் சத்தம் அதிகம் விழும். அவரைக் கன் பிடிக்கிறவரின் பின்பக்கமாக நகரச் சொல்லுங்கள், அல்லது விளக்கை ஸ்டாண்டில் மாட்டுங்கள். செலவே இல்லாத மாற்றம். பட்டறையில் வேலை பழகும் பிள்ளைகளின் காதுகளைக் காப்பதற்கு இதைவிட எளிய வழி கிடையாது.

9. எக்ஸாஸ்ட் வாய்களுக்குச் சைலன்சர் மாட்டுங்கள்

எடை போட்டு மூட்டை நிரப்பும் மெஷின், நியூமேட்டிக் கேட், பலகைக் கதவு என்று சிலிண்டர் உள்ள எல்லா இடத்திலும் வால்வின் எக்ஸாஸ்ட் வாயைப் பாருங்கள். வெறுமையாக இருந்தால் அங்கே ஒரு சின்ன வெண்கல சைலன்சர் மாட்ட வேண்டும். பொடி வெண்கலத்தை அழுத்திச் சுட்டுச் செய்த அந்த முனையின் நுண்துளைகள் வழியே காற்று பரந்து வெளியேறுவதால், பரப்பு கூடி வேகம் குறைகிறது.

வாயின் அளவுக்குச் சமமானதையே வாங்குங்கள், கால் இஞ்சுக்குக் கால் இஞ்சு. சின்னதை மாட்டினால் பின்னழுத்தம் ஏறி சிலிண்டர் மெதுவாகும். மூட்டைக் கணக்கு குறைகிறது என்று ஆபரேட்டர் அதைக் கழற்றி எறிந்துவிடுவார்.

அரிசி ஆலையில் பெரிய எதிரி தவிட்டுத் தூசி. எண்ணெய்ப் பசையுள்ள தவிடும், லைனில் வரும் கம்ப்ரசர் ஆயிலும் சேர்ந்து சைலன்சரை அடைத்துவிடும். சிலிண்டர் திரும்பும் வேகம் குறைவதுதான் முதல் அடையாளம். சீசனில் மாதம் ஒருமுறை கழற்றிப் பாருங்கள். மண்ணெண்ணெயில் கழுவி உலர்த்தினால் ஓரளவு மீளும். விலை குறைந்த பொருள் என்பதால் சில உதிரிகளை முன்பே வாங்கி வைப்பது நல்லது.

தூசி மிகுந்த இடத்தில் இன்னொரு வழி, பல வால்வுகளின் எக்ஸாஸ்டையும் ஒரு பெரிய குழாயில் சேர்த்துக் கட்டடத்துக்கு வெளியே விடுவது. குழாயின் விட்டம் வால்வு வாயைவிட இரண்டு மடங்காவது இருக்கட்டும். வெளி முனை பக்கத்து வீட்டுப் பக்கம் பார்க்கக் கூடாது. குடியிருப்புப் பகுதிக்கு 2000-ஆம் ஆண்டு ஒலிமாசு விதிகள் சொல்லும் வரம்பு பகலில் 55, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல்.

10. மிஞ்சியதை மட்டும் தடுப்பால் அடையுங்கள்

இதுவரை செய்ததும் போதவில்லை என்றால்தான் தடுப்பு. கலர் சார்ட்டருக்கு மட்டும் இதுவே முதல் படி.

தாரை இரைச்சல் பெரும்பாலும் உயர் அதிர்வெண் என்பதால் தடுப்பது எளிது, இடுக்குகளை விடாமல் மூடினால். தடுப்பின் பரப்பில் 1 சதவீதம் ஓட்டை இருந்தாலே, சுவர் எவ்வளவு கனமாக இருந்தாலும் 20 டெசிபலுக்கு மேல் குறைக்க முடியாது. முதலில் சார்ட்டர் மூடிகளின் ரப்பர் பீடிங் காய்ந்து வெடித்திருக்கிறதா என்று பார்த்து மாற்றுங்கள். கழிவு அரிசி விழும் வாயில் ரப்பர் மடிப்பு தொங்கவிடுங்கள். மெஷினின் காற்றோட்ட வழிகளை மட்டும் அடைக்காதீர்கள், உள்ளே இருக்கும் கேமராவும் எலக்ட்ரானிக்ஸும் சூடாகிவிடும்.

தெர்மாகோலும் முட்டை அட்டையும் இரைச்சலைத் தடுக்காது, தெர்மாகோல் தீயும் பிடிக்கும். தகரக் கூரையும் சிமென்ட் சுவரும் ஒலியைத் திருப்பி அடிக்கும் இடத்தில் 50 மி.மீ. ராக்வூல் (பாறை இழை) பலகையைத் துணி போர்த்தி மாட்டினால் பலன் தெரியும். தூசி படியும் இடம் என்பதால், அவ்வப்போது வாக்குவத்தில் துடைக்க எட்டும் உயரத்தில் மாட்டுங்கள்.

கடைசியாகக் காது கவசம். 90-க்குக் கீழே இறங்காத இடத்தில் கட்டாயம் தேவை. பஞ்சு கவசம் ஆகாது. நுரை அடைப்பானை உருட்டி மெல்லியதாக்கி, காது மடலை மேலும் பின்னும் இழுத்துச் செருகி, விரியும் வரை விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். வெளியே பாதி நீட்டிக்கொண்டிருந்தால் சரியாகப் போகவில்லை.

11. திரும்ப அளந்து, மழைக்காலத்தில் மறுபடி பாருங்கள்

4-ஆம் படியில் அளந்த அதே இரண்டு இடங்களில், அதே தூரத்தில், அதே வேலையைச் செய்யும்போது அளங்கள். பழைய எண்ணுக்குப் பக்கத்தில் புதிய எண்ணை எழுதி, நாசில் அளவையும் கன்னருகே உள்ள பிரஷரையும் சேர்த்துக் குறியுங்கள். எண் எதிர்பார்த்தபடி இறங்காவிட்டால் 3-ஆம் படிக்குத் திரும்பி மறுபடி பிரியுங்கள். பெரும்பாலும் ஒரு லீக்கோ, பாதி மூடிய வால்வோ விட்டுப்போயிருக்கும்.

ஐப்பசி, கார்த்திகையில் காற்றின் ஈரத்தில் பெரும்பகுதி கம்ப்ரசர் டேங்கில் தண்ணீராகச் சேரும். தினமும் ஷிப்ட் தொடங்கும் முன் டிரெயின் காக்கைத் திறந்துவிடுங்கள். விட்டுவிட்டால் லைனில் துருப்பிடித்து, அந்தத் துகள் 1 மி.மீ. துளைகளை ஒவ்வொன்றாக அடைக்கும். துளை அடைந்தால் தள்ளும் விசை குறையும். விசை குறைந்ததும் யாரோ ரெகுலேட்டரைத் திருகி பிரஷரை ஏற்றிவிடுவார்கள். முள் பெயின்ட் கோட்டைத் தாண்டியிருந்தால், திருகியவரைக் கடிந்துகொள்வதற்கு முன் நாசிலைக் கழற்றித் துளைகளை வெளிச்சத்தில் பாருங்கள், ஃபில்டர் கிண்ணத்தில் நிற்கும் தண்ணீரையும் வடித்துவிடுங்கள்.